ஜிம்மில் 18, வீட்டில் 26, டேப்பில் 22: உடல் கொழுப்பை எப்படித்தான் சரியாக அளப்பது?

கேள்வி சுருக்கமாக இது. ஹட்டன் பக்கம், ஆண், வயது 34, உயரம் 165 செ.மீ., எடை 66 கிலோ. ஜிம்மில் இரண்டு கையாலும் பிடிக்கும் கருவி உடல் கொழுப்பு 18 வீதம் என்கிறது. வீட்டில் வெறுங்காலோடு ஏறி நிற்கும் தராசு 26 என்கிறது. இடுப்பையும் கழுத்தையும் அளந்து போனில் போட்டால் 22 வருகிறது. எது சரி? கொழுந்து பறிக்கப் போகும் 56 வயது அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. அவருக்கும் அதே தராசில் பார்க்கலாமா?

18க்கும் 26க்கும் இடையில் உங்கள் உடம்பில் 5 கிலோவுக்கு மேல் கொழுப்பு வந்தும் போயும் இருக்கிறது. இப்படி ஆவதற்குக் காரணம், மூன்றில் ஒன்றுகூடக் கொழுப்பை அளக்கவில்லை. முதல் கருவி உங்கள் கைகளின் மின் தடையை அளந்தது. இரண்டாவது கால்களின் தடையை அளந்தது. மூன்றாவது சுற்றளவை அளந்தது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் யாரோ வேறு மனிதர்களை வைத்துப் போட்ட சமன்பாடு. ஆகவே மூன்றில் ஒன்றைச் சரி என்று பிடிக்காதீர்கள். ஒரு முறையைத் தேர்ந்தெடுத்து, அது உண்மையில் அளந்த எண்ணை, அதாவது செ.மீ., மி.மீ., ஓம், கிலோ என்று வருவதை எழுதி வையுங்கள். வீதத்தைப் பக்கத்தில் சின்னதாக எழுதினால் போதும்.

உயிரோடு இருப்பவரின் கொழுப்பை நேரே நிறுக்க வழி கிடையாது. 1984இல் வெளியான பிரசெல்ஸ் ஆய்வில் 25 சடலங்களைத் தோல், கொழுப்பு, தசை, எலும்பு, உறுப்புகள் என்று கத்தியால் பிரித்து நிறுத்தார்கள். நேரடி அளவு என்றால் அப்படித்தான். மற்ற எல்லா முறைகளும் இரண்டொரு அனுமானங்களின் மேல் நிற்கின்றன. முதலாவது, கொழுப்பின் அடர்த்தி 0.9, மீதி உடம்பின் அடர்த்தி 1.1 என்பது. 1961இல் சீரி என்பவர் தந்த கணக்கு இதிலிருந்து வந்தது: கொழுப்பு வீதம் = 495 ÷ உடல் அடர்த்தி − 450. இரண்டாவது, கொழுப்பு நீங்கலான உடம்பில் 73 வீதம் நீர் என்பது. இரண்டும் சராசரிக்குச் சரி. தனி ஆளுக்கு வரும்போது எலும்பு கனத்தவர், எலும்பு மெலிந்தவர், கால் வீங்கியவர், காய்ச்சலில் நீர் வற்றியவர் என்று ஆளுக்கு ஆள் மாறும். அடர்த்தியைத் துல்லியமாகவே அளந்தாலும் இந்த மாறுபாட்டால் மட்டும் கிட்டத்தட்ட 4 வீதம் இப்படியும் அப்படியும் போகும் என்று சீரியே கணித்திருந்தார். போன் திரையில் 21.7 என்று தசமத்தோடு வருவதைப் பார்த்தால் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி மின்சார முறை, ஏனென்றால் எல்லாரிடமும் இருப்பது இதுதான். கெட்டுப்போவதும் இதில்தான் அதிகம்.

உடம்பு உணர முடியாத சிறு மின்னோட்டம், பெரும்பாலும் 50 கிலோஹேர்ட்ஸில், ஒரு மின்வாய் வழியே போய் இன்னொன்றின் வழியே வரும். நீரும் உப்பும் உள்ள தசை மின்சாரத்தை விடும், கொழுப்பு தடுக்கும். உயரத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் உடம்பு நீரோடு ஒத்துப்போகும் ஓர் எண் வரும். சிக்கல் என்னவென்றால், ஒடுங்கிய பைப்பில் தண்ணீர் திணறுவதுபோல் மெல்லிய கையிலும் காலிலும்தான் தடை அதிகம். உடல் எடையில் பாதியளவு முண்டத்தில் இருந்தும், மொத்தத் தடையில் அதன் பங்கு 10 வீதம் அளவுக்குத்தான். நாம் கவலைப்படும் வயிற்றுக் கொழுப்பு இருக்கும் இடத்தைக் கருவி கிட்டத்தட்டப் பார்ப்பதே இல்லை. கையில் பிடிக்கும் கருவியில் ஓட்டம் ஒரு கையிலிருந்து நெஞ்சு வழியே மறு கைக்குப் போகிறது. காலால் நிற்பதில் ஒரு காலால் ஏறி மறு காலால் இறங்குகிறது. இரண்டும் வயிற்றை உங்கள் எடை, உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்து ஊகிக்கின்றன. சில கருவிகள் 'உள்ளுறுப்புக் கொழுப்பு 9' என்று தனியாக ஓர் எண் காட்டும். வீட்டுத் தராசில் அது ஊகத்தின் மேல் ஊகம்.

மலைநாட்டில் இந்த முறைக்கு இன்னொரு தொல்லை உண்டு: குளிர். தோல் குளிர்ந்தால் இரத்த ஓட்டம் உள்வாங்கும், தடை ஏறும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி விடியலில் அங்கே வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. ஹட்டனிலும் விடியற்காலைச் சீமெந்துத் தரை சில்லென்றுதான் இருக்கும். அந்தத் தரையில் நடந்து வந்து தராசில் ஏறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கை, கால் இரண்டிலும் மின்வாய் வைத்து எடுக்கும் முறைக்கு 2001இல் ஜெனீவாவிலிருந்து வெளியான சமன்பாட்டில், உயரத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்து வருவதை 0.518ஆல் பெருக்குவார்கள். உங்கள் உயரத்தின் வர்க்கம் 27,225. தடை 500 ஓம் என்றால் 54.5, குளிரில் அது 530 ஆனால் 51.4. வித்தியாசத்தை 0.518ஆல் பெருக்கினால் 1.6 கிலோ. ஒரு கிராம் கொழுப்பும் ஏறாமல், 1.6 கிலோ தசை கொழுப்பாக எழுதப்படுகிறது: 66 கிலோவில் 2.4 வீதம். ஜிம் கதை இதற்கு நேர் எதிர். பஸ்சை விட்டு இறங்கி மேடு ஏறி, வியர்வையோடு, பயிற்சி முடித்துக் கருவியைப் பிடித்தால் தோல் சூடாகித் தடை இறங்கும், கொழுப்பும் குறைந்ததாகக் காட்டும். உங்கள் 18க்கும் 26க்கும் இடையிலுள்ள இடைவெளியில் ஒரு பங்கு இங்கேயே கரைந்துவிடக்கூடும்.

தண்ணீரும் ஏமாற்றும். அளக்குமுன் ஒரு லீட்டர் குடித்தால், அது வயிற்றில் இருக்கும் வரை தராசுக்கு ஒரு கிலோ எடை, மின்சாரத்துக்கோ அது தெரியவே தெரியாது. ஆகவே கருவி அதில் பெரும்பங்கைக் கொழுப்பில் சேர்த்துவிடும். இதே லீட்டரைக் குடித்துவிட்டு டெக்ஸா என்ற எக்ஸ்ரே ஸ்கேனில் படுத்தால் அது 'மெலிந்த திசு' என்று தசைப் பக்கம் சேரும். ஒரே தண்ணீர்தான்; போகும் கணக்கு வேறு.

வீட்டுத் தராசைப் பயன்படுத்துவதானால் இப்படிச் செய்யுங்கள். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, எதுவும் குடிக்காமல். முதல்நாள் இரவு மதுவும் கடும் பயிற்சியும் இல்லாமல். காலுறை போட்டுப் போர்வைக்குள் பத்து நிமிடம் இருந்து காலைச் சூடாக்கி, காலுறையைக் கழற்றி, ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்து, உடனே ஏறுங்கள். தொடைகள் ஒன்றோடொன்று உரசாமல் நில்லுங்கள். உரசினால் ஓட்டம் குறுக்கு வழி எடுக்கும். தராசு சமமான சீமெந்துத் தரையில் இருக்க வேண்டும், பலகையிலோ பாயிலோ வேண்டாம். எடையைச் சரிபார்க்க, நீங்கள் தனியாக ஒருமுறையும் சீல் உடைக்காத 5 கிலோ அரிசி பாக்கெட் இரண்டைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் ஏறுங்கள். வித்தியாசம் 10 கிலோவுக்கு ஒட்டி வர வேண்டும். உயரம் கூடினால் புவியீர்ப்பு குறைந்து எடை குறையுமே என்று சிலர் கேட்பார்கள். குறையும்தான், ஆனால் நுவரெலியாவிலேயே 70 கிலோ ஆளுக்குச் சில பத்துக் கிராம். விட்டுவிடலாம். 'விளையாட்டு வீரர்' என்ற பொத்தானை மட்டும் இன்று போட்டு நாளை எடுக்க வேண்டாம். அது சமன்பாட்டையே மாற்றிப் பல வீதம் குறைத்துக் காட்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் இந்த மின்சாரத் தராசுகளில் ஏறவே கூடாது.

டேப் முறைக்கு வருவோம். போனில் இருக்கும் கணக்கு பெரும்பாலும் 1984இல் அமெரிக்கக் கடற்படைக்காக ஹொட்ஜன், பெக்கெற் இருவரும் செய்தது. ஆண்களுக்கு அடர்த்தி = 1.0324 − 0.19077 × மடக்கை(இடுப்பு − கழுத்து) + 0.15456 × மடக்கை(உயரம்), எல்லாம் செ.மீற்றரில்; மடக்கை என்பது 10ஐ அடியாகக் கொண்ட log. வந்த அடர்த்தியைச் சீரியின் கணக்கில் போட வேண்டும். 165 உயரத்துக்கு இடுப்பு 88, கழுத்து 37 என்றால் 21.7 வீதம் வரும். உங்கள் 22 ஏறத்தாழ இப்படித்தான் வந்திருக்கும். இடுப்பை 90 என்று படித்தால் 23.1. இரண்டு செ.மீ. என்பது மூச்சை இழுத்துப் பிடிப்பதற்கும் விடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான், அதற்கே 1.4 வீதம் ஏறிவிட்டது.

இந்தக் கணக்கில் ஆணுக்கு இடுப்பு தொப்புள் மட்டத்தில், கழுத்து குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே. சுகாதார அளவுக்கு எடுக்கும் இடுப்பு வேறு இடம்: கடைசி விலா எலும்பின் அடியையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தேடி, இரண்டுக்கும் நடுவில். இரண்டையும் குழப்பினால் எந்தக் கணக்கும் நிற்காது. சுவெட்டர், உள் பெனியன் எல்லாம் தூக்கிவிட்டு வெறும் தோலில் வையுங்கள். குளிருக்குச் சோம்பல்பட்டுத் துணிமேல் அளந்தால் அடுத்த தடவை எத்தனை துணி இருந்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. டேப் முதுகுப் பக்கம் இறங்காமல் தரைக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும்; பின்னால் ஒரு கண்ணாடி அல்லது ஒரு ஆள் தேவை. சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும் கணத்தில் படியுங்கள். தையல்கடைத் துணி டேப் நாளாக நாளாக நீளும். வருடத்துக்கு ஒருமுறை இரும்பு அளவுகோலோடு வைத்துப் பார்த்து, நீண்டிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

தோல் மடிப்பு முறை பழையது என்று இப்போது யாரும் கண்டுகொள்வதில்லை. பழகிய கை ஒன்று கிடைத்தால் வீட்டுத் தராசைவிட நான் இதைத்தான் நம்புவேன். ஒரு சதுர மி.மீற்றருக்கு 10 கிராம் அமுக்கம் தரும் கலிப்பர், அதாவது தோல் மடிப்பைக் கவ்வி அளக்கும் கருவி, வேண்டும்; மலிவு பிளாஸ்டிக்கில் அமுக்கம் திறப்புக்குத் தகுந்தபடி மாறும். டர்னின், வொமர்ஸ்லி என்ற ஆய்வாளர்கள் 1974இல் சொன்ன நான்கு இடங்கள்: மேற்கையின் முன்புற நடு, பின்புற நடு, தோள்பட்டை எலும்பின் கீழ் முனைக்கு அடியில், இடுப்பெலும்பு விளிம்புக்குச் சற்று மேலே பக்கவாட்டில். அளக்கும் இடத்தைப் பேனாவால் குறியுங்கள். அதற்கு ஒரு செ.மீ. மேலே பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் தோலையும் அடிக்கொழுப்பையும் தூக்குங்கள். தசை வந்ததா என்று சந்தேகமானால் கையை முறுக்கச் சொல்லுங்கள். தசை பிடிபட்டிருந்தால் விரலிலிருந்து நழுவும். கலிப்பரைக் குறியில் வைத்து, நெம்புகோலை முழுதாக விட்டு, இரண்டு வினாடியில் படியுங்கள். ஐந்து வினாடி விட்டால் கொழுப்பு நசுங்கி முள் இறங்கிக்கொண்டே போகும். விரல் மடிப்பை விடவே கூடாது. நான்கு இடத்தையும் ஒரு சுற்று எடுத்துவிட்டு மறுசுற்று வாருங்கள். ஒரே இடத்தை அடுத்தடுத்து எடுத்தால் இரண்டாவது எப்போதும் குறையும்.

நான்கும் சேர்ந்து 60 மி.மீ. என்று வைப்போம். 30 முதல் 39 வயது ஆண்களுக்கு அவர்கள் தந்த கணக்கில் அடர்த்தி = 1.1422 − 0.0544 × மடக்கை(கூட்டுத்தொகை). இதைச் சீரியின் கணக்கில் போட்டால் 23.5 வீதம் வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு மி.மீ. கூடப் படித்து 64 ஆனால் 24.2. பரவாயில்லை, சகிக்கக்கூடிய பிழை. இப்போது வேடிக்கையைப் பாருங்கள். அதே 60 மி.மீ., ஆனால் வயது 40 ஆகிவிட்டது. 40 முதல் 49க்கான எண்கள் 1.1620, 0.0700. விடை 27.1. பிறந்தநாள் இரவில் 3.6 வீதம் ஏறிவிட்டது! வயது ஏற உள்ளே சேரும் கொழுப்பைப் பத்து வயதுக்கு ஒரு படியாகக் கணக்கில் சேர்க்கும் சமன்பாடு இது, அந்தப் படியின் எல்லைக் கோட்டில் நிற்பவருக்கு இப்படி ஆகும். கூட்டுத்தொகை 60 மட்டும் மாறவே இல்லை. மூல எண்ணை எழுதச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. இன்னொன்று: இந்தச் சமன்பாடுகள் கிளாஸ்கோ மக்களை வைத்துச் செய்தவை. தெற்காசிய உடம்பில் அதே பருமனுக்குக் கொழுப்பு கூடுதல், அதுவும் முண்டத்தில். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2004இல் ஆசியர்களுக்கு உடல் திணிவுச் சுட்டெண் (BMI) 23இலேயே கவனம் வேண்டும் என்றது. உங்களுடையது 24.2. இடுப்பு 88 என்பது ஆண்களுக்கான 90 எல்லைக்குள் நின்றாலும், உயரத்தில் பாதியான 82.5ஐத் தாண்டிவிட்டது. இதைச் சொல்ல எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

காசு செலவழித்து ஒருமுறை நல்ல அளவு எடுக்க வேண்டுமானால் டெக்ஸா. இரண்டு வேறு சக்தி அளவுள்ள எக்ஸ்ரே கதிர்கள் எலும்பு, கொழுப்பு, மற்ற மென்திசு மூன்றையும் பிரித்துக் காட்டும். கை, கால், முண்டம் என்று தனித்தனியாகவும் வரும். கதிர்வீச்சு சில மைக்ரோசீவேர்ட்தான். இயற்கையாகவே நாம் வாங்குவது உலகச் சராசரியில் வருடத்துக்குச் சுமார் 2,400. பதிவு செய்யுமுன் தொலைபேசியில் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: "முழு உடல் கொழுப்பு, தசை அறிக்கை தருவீர்களா?" எலும்பு அடர்த்திக்காக வைத்திருக்கும் இடங்களில் வழக்கமாக இடுப்பு, முதுகெலும்பு இரண்டை மட்டும்தான் எடுப்பார்கள், அதைச் செய்துகொண்டு வந்தால் கொழுப்பு பற்றி ஒரு வரியும் இருக்காது. வெறும் வயிற்றில், உலோகம் இல்லாத மெல்லிய உடையில் போங்கள். மறுமுறை எடுக்கும்போதும் அதே இடம், அதே இயந்திரம்; கம்பனிக்குக் கம்பனி கணக்கு மாறும். திரும்ப எடுத்த அளவில் எவ்வளவு மாற்றத்தை நம்பலாம் என்பதற்கும் ஒரு விதி உண்டு: இயந்திரத்தின் மீள்பிழையை, அதாவது அதே ஆளைத் திரும்பத் திரும்ப அளக்கும்போது வரும் ஏற்ற இறக்கத்தை, 2.77ஆல் பெருக்குங்கள். மீள்பிழை 1 வீதம் என்றால், 2.8க்குக் குறைந்த மாற்றத்தைக் கொண்டாடவும் வேண்டாம், கவலைப்படவும் வேண்டாம். அதனால் ஆறு மாதத்துக்குள் மறு ஸ்கேன் எடுப்பது பெரும்பாலும் காசுக்குக் கேடு.

தண்ணீருக்குள் அமிழ்த்தி நிறுப்பது ஒரு காலத்தில் அளவுகோலாக இருந்தது. மூச்சை முழுதும் விட்ட பின்னும் நுரையீரலில் ஒரு லீட்டருக்கு மேல் காற்று மிஞ்சும். அதை 100 மி.லீ. தப்பாகக் கணித்தாலே விடை 0.7 வீதம் நகரும். காற்றறைக்குள் உட்காரவைத்துக் கனவளவு பார்க்கும் முறை அந்த அவதியைத் தவிர்க்கிறது, ஆனாலும் அடியில் இருப்பது அதே சீரி கணக்கு. டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் கலந்த நீரைக் குடிக்கவைத்து, மூன்று நான்கு மணி நேரம் கழித்து எச்சிலில் அது எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்ப்பது உடல்நீரை அளக்க மிக நல்ல வழி. இலங்கைப் பிள்ளைகளில் நடந்த ஆய்வுகளிலும் இது பயன்பட்டிருக்கிறது. கனவளவு, உடல்நீர், எலும்புத் தாது, எடை நான்கையும் தனித்தனியாக அளந்து சேர்ப்பதே இன்று ஆய்வுகூடங்களின் உச்ச முறை. மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுத்தான் சோதிக்கிறார்கள். வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பைக் கண்ணால் பார்க்க எம்ஆர்ஐ அல்லது சிடி. உடல் கொழுப்பு பார்ப்பதற்கென்று மட்டும் சிடி எடுக்காதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்வது: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறு காலை, எடை, தொப்புள் மட்ட இடுப்பு, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடு இடுப்பு, கழுத்து. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எடுத்துச் சராசரி. இரண்டுக்கும் ஒரு செ.மீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது எடுத்து, நெருங்கிய இரண்டை வையுங்கள். எடை அப்படியே நின்று இடுப்பு இறங்கினால் கொழுப்பு போய்த் தசை வருகிறது. எடை இறங்கி இடுப்பு அசையவில்லை என்றால் சாப்பாட்டில் புரதத்தையும் பயிற்சியையும் பாருங்கள், இழப்பது தசையாக இருக்கலாம்.

அம்மாவுக்கு அந்தத் தராசின் வீதம் வேண்டாம். மலை ஏறி இறங்கிய கால் தசையோடு திரண்டிருக்கும். காலால் அளக்கும் கருவி முழு உடம்பும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டு வயிற்றுக் கொழுப்பை மறைக்கும். வெடித்துத் தடித்த குதிகால் தகட்டில் சரியாகத் தொடாவிட்டால் தடை ஏறி, அதே கருவி மறுநாள் கொழுப்பைக் கூட்டிக் காட்டும். எந்தப் பக்கம் பிழைக்கும் என்றுகூடச் சொல்ல முடியாத எண்ணால் பயனில்லை. எடையை மட்டும் அதில் பாருங்கள், காட்டும் வீதத்தைப் படிக்க வேண்டாம்.

அவருக்கு இடுப்பை அளங்கள், 80 செ.மீ. எல்லை. வேலைக்குப் போகுமுன் காலையில் அளக்க வேண்டும். நாள் முழுக்க இறுக்கிக் கட்டிய படங்கு, அதாவது கொழுந்து பறிக்கும்போது சுற்றிக் கட்டும் தடித்த விரிப்பு, இடுப்பில் பள்ளமாகத் தடம் போட்டிருக்கும். மாலையில் டேப் தானாக அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்து குறைத்துக் காட்டும். சீனி உள்ளவர் மெலிந்தால் 'நல்லது' என்று விடக் கூடாது, போவது தசையா என்று பார்க்க வேண்டும். கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளங்கள். ஆசிய தசைச் சிதைவுக் குழு 2019இல் சொன்ன எல்லை பெண்களுக்கு 33 செ.மீ., ஆண்களுக்கு 34. மலையில் நடந்த கால் இந்த எல்லைக்கு மேலே சற்றுத் தாராளமாகவே நிற்கும். அதனால் கதிரையிலிருந்து கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லி நேரமும் பாருங்கள். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால், எடை, இடுப்பு, கெண்டைக்கால் மூன்றையும் திகதியோடு எழுதிய தாளைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்து அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள்.